எலெக்ட்ரிக் ஸ்போர்ட்ஸ் காரில் கோளாறா? அறிகுறி என்ன, காரணம் என்ன, பில் யார் கணக்கில்

இன்ஜின் ஆயில் கிடையாது, ஸ்பார்க் பிளக் கிடையாது, கிளட்ச் கிடையாது. ஆகவே பராமரிப்புச் செலவும் கிடையாது என்று விற்பவர்கள் சொல்வதில் பாதிதான் உண்மை. டயர், பிரேக் ஆயில், கூலன்ட், துணை பேட்டரி (விளக்கு, திரை, பூட்டு இவற்றை இயக்கும் சிறிய பேட்டரி) எல்லாம் வழக்கம்போல் காசு கேட்கும். இவை போக, அபூர்வமாகப் பழுதாகி, ஆனால் ஒரே பில்லில் பல வருட மிச்சத்தையும் விழுங்கிவிடும் பாகங்கள் சில உண்டு: ஆன்போர்டு சார்ஜர் (வீட்டு மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி), டிசி கன்வெர்ட்டர் (பெரிய பேட்டரியிலிருந்து துணை பேட்டரிக்குச் சார்ஜ் தருவது), கேபின் ஹீட்டர், ஏர் கண்டிஷனர் கம்ப்ரஸர். இவை வாரண்டிக்குள் போனால் ஒரு வாரம் கார் இல்லாமல் இருக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஒரு மாதம் தள்ளிப் போனால் கதையே வேறு.

அதனால் கோளாறைத் தேடுவதற்கு முன் வாரண்டி புத்தகத்தைத் திறந்து, உங்கள் காருக்கு எத்தனை வாரண்டிகள் இருக்கின்றன என்று பாருங்கள். ஒன்று என்று நினைப்பீர்கள்; குறைந்தது மூன்று இருக்கும். முழு வாகனத்துக்கான அடிப்படை வாரண்டி பெரும்பாலும் 3 அல்லது 4 ஆண்டு. காரை ஓட்டும் பெரிய ஹை வோல்டேஜ் பேட்டரிக்குத் தனி வாரண்டி. பல நிறுவனங்களில் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதுவரை. டெஸ்லா மாடல் எஸ்ஸுக்கு அது 2,40,000 கிலோமீட்டர். பாடி துருப்பிடித்து ஓட்டை விழுவதற்கு இன்னொன்று. தேய்மானப் பாகங்களுக்கு எதுவும் இல்லை, அல்லது சில மாதங்கள்தான்.

பலர் ஏமாறுவது அந்த '8 ஆண்டு' என்ற சொல்லில். டெஸ்லாவில் நீண்ட வாரண்டி பேட்டரிக்கும் டிரைவ் யூனிட்டுக்கும் (மோட்டாரும் கியர் பாக்ஸும் சேர்ந்த தொகுதி) மட்டுமே. ஆன்போர்டு சார்ஜரும் கம்ப்ரஸரும் 4 ஆண்டு அல்லது 80,000 கிலோமீட்டர் அடிப்படை வாரண்டியோடு முடிந்துவிடும். வேறு சில நிறுவனங்கள் மோட்டாரையும், பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டரையும், சார்ஜரையும் நீண்ட வாரண்டியிலேயே சேர்த்திருக்கும். பாகத்தின் பெயர் அச்சில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. 'ஹை வோல்டேஜ் சிஸ்டம்' என்று வாயால் சொன்னதெல்லாம் கணக்கில் வராது.

எந்த அறிகுறி வந்தாலும் முதல் வேலை ஒன்றுதான். காரை ஆஃப் செய்து ஆன் செய்வதற்கு முன், திரையில் வந்த எச்சரிக்கையைப் போட்டோ எடுங்கள். அதே படத்தில், அல்லது அடுத்த படத்தில், ஓடிய கிலோமீட்டர், சார்ஜ் சதவீதம், வெளி வெப்பநிலை, நேரம் இவை தெரிய வேண்டும். சத்தம் என்றால் வீடியோ. மறுபடி ஸ்டார்ட் செய்தவுடன் மறைந்துவிடும் கோளாறுகள் இந்தக் கார்களில் ஏராளம். 'எங்களிடம் வந்தபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தது' என்ற பதிலுக்கு மாற்று அந்தப் போட்டோதான். ஓபிடி கருவி (காரின் கோளாறுப் பதிவைப் படிக்கும் கருவி) வைத்திருப்பவர்கள் கோளாறு எண்ணைப் படித்துக் குறித்துக்கொள்ளலாம், அழிக்கக் கூடாது. அந்த எண் பதிவான கணத்தின் வெப்பநிலை, வோல்டேஜ் போன்ற விவரங்களும் அதோடு சேர்ந்து அழிந்துபோகும்.

ஆரஞ்சு நிற கேபிள் எதையும் தொடாதீர்கள், அதன் கனெக்டரைக் கழற்றாதீர்கள். 400 அல்லது 800 வோல்ட் டிசி அது. கார் ஆஃப் ஆன பிறகும் இன்வெர்ட்டரின் கெப்பாசிட்டரில் மின்சாரம் சிறிது நேரம் தங்கியிருக்கும். கீழே நீங்களே செய்யலாம் என்று சொல்லியிருப்பதெல்லாம் 12 வோல்ட் பக்கத்து வேலை, கண்ணால் பார்ப்பது, அளந்து பார்ப்பது. அதற்கு மேல் பயிற்சி பெற்றவர் வேலை.

கார் அசைவே இல்லை: கதவு திறக்கவில்லை, திரை இருட்டு

பத்தில் ஒன்பது முறை காரணம் துணை பேட்டரி. பெரிய பேட்டரி நிறைய சார்ஜ் இருந்தாலும், அதைக் காரோடு இணைக்கும் கான்டாக்டர் என்ற பெரிய சுவிட்ச் மூட 12 வோல்ட் வேண்டும். அது இல்லையென்றால் பெரிய பேட்டரி இருந்தும் இல்லாததுதான்.

மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட் அளவில் வைத்துத் துணை பேட்டரியை அளந்து பாருங்கள். ஏஜிஎம் வகை லெட் ஆசிட் என்றால் 12.7 முழு சார்ஜ், 12.2 பாதி, 11.8க்குக் கீழே காலி. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்றால் (போர்ஷே டைகானில் இதுதான்) சும்மா இருக்கும்போது 13.2 பக்கம் காட்டும், 12.8க்கு இறங்கினாலே ஏறக்குறைய காலி. டெஸ்லாவின் புதிய மாடல்களில் இருப்பது 15 வோல்ட்டுக்கு மேலான லித்தியம் பேட்டரி. அதில் சாதாரண 12 வோல்ட் சார்ஜரை மாட்டக் கூடாது.

சார்ஜர் போடும்போது பேட்டரி வகைக்கு ஏற்ற மோடைத் தேர்ந்தெடுங்கள். லெட் ஆசிட் பேட்டரியைப் புதுப்பிக்கும் உயர் வோல்டேஜ் பல்ஸ் மோடை லித்தியத்தில் போட்டால் அதனுள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட் போய்விடும். அந்தப் பழுது வாரண்டியில் வராது. சர்வீஸ் சென்டர் திறந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

கார் உயிர்பெற்று 'ரெடி' ஆனதும் மறுபடி அளந்து பாருங்கள். 13.5 முதல் 14.8க்குள் நின்றால் டிசி கன்வெர்ட்டர் வேலை செய்கிறது, குற்றவாளி துணை பேட்டரியோ எங்கோ கசியும் மின்சாரமோ. 12 சொச்சத்திலேயே இருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினால் கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை. அந்த நிலையில் நெடுந்தூரம் ஓட்டாதீர்கள், வழியில் நின்றுவிடும். ஹூண்டாய் ஐயோனிக் 5, கியா இவி6 கார்களில் சார்ஜரும் கன்வெர்ட்டரும் ஒன்றாக இருக்கும் யூனிட்டில் இதே கோளாறுக்காக 2024இல் ரீகால் (நிறுவனமே கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வது) அறிவிக்கப்பட்டது. எனவே பணம் கட்டுவதற்கு முன் சேசிஸ் எண்ணைப் போட்டு ரீகால் ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்று பாருங்கள். பாதுகாப்பு ரீகால் வேலைக்கு வாரண்டி முடிந்ததா என்பது பொதுவாகத் தடையில்லை.

கன்வெர்ட்டர் சரி, பேட்டரியும் புதுசு, ஆனாலும் இறங்குகிறது என்றால் கசிவைத் தேட வேண்டும். முன் பானெட்டைத் திறந்து, அது மூடியிருப்பதாகக் கார் நினைக்கும்படி அதன் பூட்டை ஸ்க்ரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளுங்கள். கதவுகளை மூடி, சாவியைத் தூரத்தில் வைத்துவிட்டு ஒரு மணி நேரம் காத்திருங்கள். கார் முழுதாகத் தூங்கிய பிறகு, டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டரை நெகடிவ் கேபிளில் மாட்டுங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. 300 காட்டினால் ஒரு நாளைக்கு 7 ஆம்பியர் மணிக்கு மேல் போகிறது என்று அர்த்தம். டேஷ் கேமரா, பின்னால் மாட்டிய டிராக்கர், ஓபிடி போர்ட்டில் மறந்துவிட்ட டாங்கிள் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். வெளியிலிருந்து மாட்டிய கருவியால் இறங்கிய பேட்டரிக்கு வாரண்டி கேட்டால் கொடுக்க மாட்டார்கள். காரைக் கொண்டுபோகும் முன் அதைக் கழற்றி, அப்போதும் இறங்குகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

நிறுத்தியே வைப்பவர்களுக்கு இன்னொன்று. கேமரா காவல் மோட் 200 முதல் 300 வாட் வரை தின்னும். ஒரு நாளைக்கு 5 முதல் 7 கிலோவாட் மணி. மூன்று வாரம் அப்படியே விட்டால் பெரிய பேட்டரியின் பெரும்பகுதியே காலியாகிவிடும். 2008 முதல் 2012 வரை வந்த முதல் டெஸ்லா ரோட்ஸ்டரைச் சார்ஜில் போடாமல் மாதக்கணக்கில் நிறுத்தினால் பேட்டரி மீளவே முடியாமல் செத்துப்போகும். அந்தச் சேதம் வாரண்டிக்கு வெளியே. இன்றைய கார்கள் அவ்வளவு சீக்கிரம் அந்த நிலைக்குப் போகாது, ஆனால் விதிவிலக்குப் பட்டியலில் அந்த வரி இன்னும் இருக்கிறது. 50 சதவீதம் சார்ஜில், காவல் மோட் அணைத்து, மாதம் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

ரேஞ்ச் குறைந்துவிட்டது

திரையில் காட்டும் கிலோமீட்டரை வைத்துப் பேட்டரியை எடை போடாதீர்கள். அது கடைசியாக நீங்கள் ஓட்டிய விதத்தை வைத்துக் கார் போடும் கணக்கு. ஸ்போர்ட் மோடில் ஒரு வாரம் ஓட்டினால் குறையும், நெடுஞ்சாலையில் நிதானமாகப் போனால் ஏறும். குளிர், அகலமான டயர், காற்று குறைவு, அலைன்மென்ட் கோணல் இவையும் அதில் சேர்ந்திருக்கும். உரிமையாளருக்குத் தெரிய வேண்டியது பேட்டரியில் எவ்வளவு மின்சாரம் கொள்கிறது என்பது மட்டும். அதைக் கருவி இல்லாமலே அளக்கலாம்.

முதலில் பேட்டரி மேலாண்மை யூனிட் தன் கணக்கைச் சரிசெய்துகொள்ள வழிவிடுங்கள். 10 சதவீதத்துக்குக் கீழே வரை ஓட்டி, சில மணி நேரம் சும்மா நிறுத்தி, பிறகு மெதுவான ஏசி சார்ஜிங்கில் (வீட்டில் வரும் மாறுதிசை மின்சாரத்தில்) 100 வரை ஏற்றி, காரே நிறுத்தும்வரை கேபிளை எடுக்காமல் விடுங்கள். செல்கள் சமன்படுவது கடைசிச் சில சதவீதத்தில்தான். தினமும் 80இல் நிறுத்துகிறவர்களின் கார்களில் இந்த ஒன்றைச் செய்ததுமே ரேஞ்ச் கொஞ்சம் திரும்பி வருவதுண்டு.

அடுத்து அளவு. மிதமான வானிலையில் டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, 90 சதவீதத்திலிருந்து 30 வரை ஒரே ஓட்டமாக ஓட்டுங்கள். நடுவில் நீண்ட நேரம் நிறுத்தி ஏர் கண்டிஷனர் போட்டால் கணக்கு கெடும். டிரிப்பில் 46.2 கிலோவாட் மணி செலவானதாகக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். போனது 60 சதவீதம், 46.2ஐ 0.6ஆல் வகுத்தால் முழு அளவு 77. முதல் தலைமுறை டைகானின் பெரிய பேட்டரியில் மொத்தம் 93.4, பயன்படுத்தக் கிடைப்பது 83.7 கிலோவாட் மணி. 77 என்பது அதில் 92 சதவீதம். இங்கே எப்போதும் பயன்படும் அளவோடுதான் ஒப்பிட வேண்டும். மொத்த அளவோடு ஒப்பிட்டால் 82 என்று வந்து வீணாகப் பதறுவீர்கள். சுவரில் உள்ள மீட்டரை வைத்துக் கணக்கிட்டால் சார்ஜிங் இழப்பாக 10 முதல் 12 சதவீதத்தைக் கழித்துவிடுங்கள். ஒருமுறை அளந்தது போதாது, வேறு நாட்களில் இரண்டு மூன்று முறை செய்து சராசரி எடுங்கள்.

பெரும்பாலான நிறுவனங்களின் வாசற்படி 70 சதவீதம். 72இல் இருந்தால் கோபம் நியாயம்தான், ஆனால் வாரண்டி கிடையாது. 2022இல் ஐநா ஏற்றுக்கொண்ட உலகளாவிய தொழில்நுட்ப விதி 22, 5 ஆண்டு அல்லது 1,00,000 கிலோமீட்டர் வரை 80 சதவீதமும், 8 ஆண்டு அல்லது 1,60,000 வரை 70 சதவீதமும் இருக்க வேண்டும் என்கிறது. இந்த விதியை எந்த நாடு எப்போது, எந்த மாடலிலிருந்து அமல்படுத்துகிறது என்பது வேறு வேறு.

மெதுவாகத் தேய்வது வேறு, திடீரென விழுவது வேறு. 40 சதவீதத்திலிருந்து சட்டென 25க்குக் குதிக்கிறது, அல்லது 15 காட்டும்போதே பவர் இல்லாமல் நிற்கிறது என்றால் அது தேய்மானம் அல்ல. ஏதோ ஒரு செல்லோ மாட்யூலோ பழுது. 70 சதவீத விதிக்குக் காத்திருக்கத் தேவையில்லை, பாகக் கோளாறு என்ற பிரிவில் அது வரும். சர்வீஸ் சென்டரில் கேட்க வேண்டியது செல் வோல்டேஜ் பட்டியல். ஓய்வில் இருக்கும்போது செல்களுக்கிடையே 20 மில்லிவோல்ட் அளவுக்கு வித்தியாசம் இருந்தால் ஆரோக்கியம்; ஒரே இடத்தில் 100க்கு மேல் விழுந்திருந்தால் அந்த மாட்யூலைப் பற்றிக் கேளுங்கள். டைகானின் அந்தப் பேட்டரியில் 33 மாட்யூல்கள், ஒவ்வொன்றிலும் 12 செல்கள். ஒரு மாட்யூலை மட்டும் மாற்ற முடியும். வாரண்டி முடிந்தவர்கள் முழு பேட்டரிக்கு மதிப்பீடு தரப்பட்டால் இந்தக் கேள்வியைக் கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

வாரண்டியில் பேட்டரி மாற்றினால் புதியதுதான் தருவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். புதுப்பித்த பேட்டரி போதும் என்று பல புத்தகங்களில் இருக்கிறது. மாற்றிய பேட்டரிக்கு வாரண்டி புதிதாகத் தொடங்குமா, பழையதன் மிச்சம்தானா என்பதை எழுத்தில் வாங்குங்கள், பெரும்பாலும் மிச்சம்தான்.

ஃபாஸ்ட் சார்ஜிங் ஊர்ந்து போகிறது

காரைக் குறை சொல்வதற்கு முன் மூன்றைச் சரிபாருங்கள். பேட்டரி குளிர்ந்திருந்ததா? சார்ஜிங் நிலையத்தை நேவிகேஷனில் இலக்காகப் போட்டால்தான் பல கார்கள் வழியிலேயே பேட்டரியைச் சூடாக்கும். சார்ஜ் 80 சதவீதத்துக்கு மேலா? அதற்கு மேல் குறைவதுதான் வடிவமைப்பு. நிலையம் 400 வோல்ட்டா, 800 வோல்ட்டா? ஆரம்பகால டைகானில் 400 வோல்ட் நிலையத்தில் அடிப்படை அமைப்பில் 50 கிலோவாட்தான் ஏறும். 150 வேண்டுமென்றால் வாங்கும்போதே அந்த ஆப்ஷனை எடுத்திருக்க வேண்டும். பழைய கார் வாங்குகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

பேட்டரி சூடாக, 20 சதவீதத்தில், வேறு வேறு நிறுவனத்தின் இரண்டு நிலையங்களில் முயன்றும் அதே வேகம்தான் என்றால் கோளாறு கார் பக்கம். டார்ச் அடித்து சார்ஜிங் போர்ட்டின் இரண்டு பெரிய டிசி பின்களைப் பாருங்கள். கருப்போ பழுப்போ ஏறியிருந்தால், பிளாஸ்டிக் உருகிய வாடை இருந்தால், தொடர்பு சரியில்லாமல் சூடாகிறது; போர்ட்டில் உள்ள வெப்ப சென்சார் அதைக் கண்டு வேகத்தைக் குறைக்கிறது. போர்ட் மாற்ற வேண்டும். கிரீஸ், கான்டாக்ட் ஸ்ப்ரே எதையும் உள்ளே அடிக்காதீர்கள். அடிப்படை வாரண்டி இருக்கும்வரை இது அதில் வரும், உடைந்த பூட்டுப் பின்னோ வளைந்த பின்னோ வராது.

ஏசி சார்ஜிங் பாதியில் நிற்கிறது, அல்லது பாதி வேகம்தான்

மூன்று பேஸ் 11 கிலோவாட் சார்ஜரில் எண் எவ்வளவுக்கு விழுந்திருக்கிறது என்பதே பாதி விடை. 11 என்பது 7.3 ஆனாலோ 3.7 ஆனாலோ, ஒன்றோ இரண்டோ பேஸ் வரவில்லை. அதே காரை இன்னொரு மூன்று பேஸ் பாயின்ட்டில் மாட்டுங்கள். அங்கே 11 வந்தால் உங்கள் சுவர்ப் பெட்டியில், அல்லது அதற்கு வரும் லைனில் கோளாறு, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அங்கேயும் அதே 7.3 என்றால் ஆன்போர்டு சார்ஜருக்குள் ஒரு பகுதி செத்திருக்கிறது.

எண் சரியாக இருந்து இருபது நிமிடத்தில் நின்றால் சூடு. சார்ஜிங் நின்ற உடனே பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் சாக்கெட்டின் ஸ்க்ரூ தளர்ந்திருக்கும். பிளக் சாதாரணமாக இருந்து கார் மட்டும் நிறுத்துகிறது என்றால் கூலன்ட் ஓட்டத்தைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சார்ஜரைக் குளிர்விப்பதும் அதே கூலன்ட்தான். மாட்டிய உடனே வீட்டு லீக்கேஜ் பிரேக்கர் விழுந்தால் அது அடுத்த தலைப்பு.

அடிப்படை வாரண்டி முடிய இரண்டு மூன்று மாதம் இருக்கும்போது இந்தச் சோதனையை எந்தப் புகாரும் இல்லாமலே ஒருமுறை செய்துவிடுங்கள். பேட்டரி 8 ஆண்டுக்குப் பத்திரம். சார்ஜர்தான் நடுவில் மாட்டிக்கொள்ளும் பாகம்.

'எலெக்ட்ரிக்கல் சிஸ்டம் கோளாறு, பாதுகாப்பாக நிறுத்தவும்'

இன்சுலேஷன் குறைந்திருக்கலாம். ஹை வோல்டேஜ் வயர்களுக்கும் காரின் பாடிக்கும் இடையே எவ்வளவு ரெசிஸ்டன்ஸ் இருக்கிறது என்று கார் விடாமல் அளந்துகொண்டே இருக்கும். ஐநாவின் விதி 100 கேட்பது டிசிக்கு ஒரு வோல்ட்டுக்கு 100 ஓம்; ஏசியும் கலந்த சர்க்யூட்டுக்கு 500 ஓம். 800 வோல்ட் காரில் பிந்தைய கணக்கில் 4 லட்சம் ஓம். அதற்குக் கீழே போனால் எச்சரிக்கை வரும், அடுத்த முறை ஸ்டார்ட் ஆகாமலும் போகலாம். எனவே பாதுகாப்பான இடம் கிடைக்கும்வரை ஆஃப் செய்ய வேண்டாம். நிறுத்திய பிறகு மறுபடி மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்கவும் வேண்டாம். புகை, பொசுங்கும் வாடை, அடியிலிருந்து சீறும் சத்தம் இதில் ஒன்று இருந்தாலும் உடனே இறங்கித் தூரமாகப் போய்விடுங்கள்.

எப்போது வருகிறது என்பதைக் குறித்துக்கொண்டால் சர்வீஸ் சென்டரின் தேடல் பாதியாகும். மழைக்கோ வாட்டர் வாஷுக்கோ பிறகு மட்டும் என்றால் கனெக்டரிலோ போர்ட்டிலோ ஈரம். ஹீட்டர் போட்டதும் வருகிறது என்றால் ஹீட்டர். ஏர் கண்டிஷனர் போட்டதும் என்றால் கம்ப்ரஸர்.

கம்ப்ரஸரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதில் பணம் இழப்பவர்கள் அதிகம், அதுவும் காரணமே தெரியாமல். பெட்ரோல் காரின் கம்ப்ரஸர் பெல்ட்டில் ஓடும். அதில் போடுவது பிஏஜி ஆயில். எலெக்ட்ரிக் காரின் கம்ப்ரஸருக்குள்ளேயே ஹை வோல்டேஜ் மோட்டார் இருக்கிறது. கேஸும் ஆயிலும் அந்த மோட்டாரின் சுருளைத் தொட்டுக்கொண்டேதான் ஓடுகின்றன. அதனால் மின்சாரம் கடத்தாத பிஓஈ வகை ஆயில் வேண்டும். கேஸ் நிரப்பும் மெஷினின் ஹோஸில் முந்தைய பெட்ரோல் காரின் பிஏஜி ஆயில் மிச்சம் கொஞ்சம் இருந்து உள்ளே போனாலே இன்சுலேஷன் இறங்கத் தொடங்கும். கேஸ் நிரப்பியவுடன் ஏர் கண்டிஷனர் ஜில்லென்றுதான் இருக்கும். எச்சரிக்கை பிறகுதான் வரும். அப்போது கம்ப்ரஸர் மட்டும் மாற்றினால் போதாது, ஆயில் பரவிய பைப், கண்டென்ஸர், எவாப்பரேட்டர் எல்லாவற்றையும் கவனிக்க வேண்டும். பல கார்களில் பேட்டரியைக் குளிர்விக்கும் சில்லரும் இதே லூப்பில்தான். தவறான ஆயில் என்று தெரிந்தால் வாரண்டி இல்லை. ஆகவே வெளியே கேஸ் நிரப்பினால், ஹோஸை ஃப்ளஷ் செய்தார்களா, எந்த ஆயில், எத்தனை மில்லி என்பது பில்லில் இருக்க வேண்டும்.

கூலன்டிலும் இதே கதை. சில கார்களின் பேட்டரி லூப்புக்கு மின்கடத்துத்திறன் குறைந்த தனி கூலன்ட் உண்டு. குறைகிறதே என்று கையில் கிடைத்ததை ஊற்றாதீர்கள். அளவு குறைந்தால் முதல் கேள்வி எங்கே போனது என்பதுதான். மூடிய லூப்பில் கூலன்ட் தானாகக் காணாமல் போகாது.

இழுத்துப் போக வேண்டுமென்றால் நான்கு சக்கரமும் தரையைத் தொடாத மேடை வண்டி மட்டும். நிரந்தரக் காந்த மோட்டார் சுழன்றாலே மின்சாரம் உண்டாக்கும். சக்கரம் உருள இழுத்து இன்வெர்ட்டர் போனால் அது உங்கள் செலவு, அல்லது இழுத்தவர் செலவு.

வேகமாக ஓட்டும்போது பவர் இறங்குகிறது

டிராக்கில் மூன்றாவது நான்காவது சுற்றில் இறங்கி, மெதுவாக ஒரு சுற்று போனதும் திரும்பி வந்தால் கோளாறு இல்லை. பேட்டரியும் மோட்டாரும் சூட்டில் தங்களைக் காத்துக்கொள்கின்றன. சாதாரணச் சாலையில், மிதமான வானிலையில், முன்பு இல்லாத இடத்தில் இறங்கினால்தான் பார்க்க வேண்டும். முன் பம்பரின் இரு பக்க ரேடியேட்டர்களில் சருகும் பிளாஸ்டிக் கவரும் அடைத்திருக்கிறதா, கல் பட்டு ஃபின் மடங்கியிருக்கிறதா, கூலன்ட் அளவு குளிர்ந்த நிலையில் கோட்டுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். சமீபத்தில் கூலன்ட் வேலை நடந்திருந்தால் காற்றுக் குமிழி மாட்டியிருக்கும் வாய்ப்பு அதிகம். இந்த லூப்களை வேக்யூம் போட்டு நிரப்பி, டயக்னாஸ்டிக் கருவியால் பம்புகளை ஓட்டிக் காற்றை எடுக்க வேண்டும். மூடியைத் திறந்து ஊற்றினால் சேராது.

டிராக்கில் ஓட்டுவதற்கு வாரண்டி உண்டா? 'போட்டி' என்ற சொல்லையும் 'டிராக் பயன்பாடு' என்ற சொல்லையும் புத்தகத்தில் தனித்தனியாகத் தேடுங்கள். சில நிறுவனங்கள் நேரம் அளக்கும் போட்டியை மட்டும் விலக்குகின்றன, சில டிராக் வாசலிலேயே கதவைச் சாத்துகின்றன. எங்கே, எவ்வளவு சூட்டில், எத்தனை முறை லான்ச் கன்ட்ரோல் (நின்ற இடத்திலிருந்து முழு பவரில் பாயும் மோட்) போட்டீர்கள் என்பதெல்லாம் காரிலேயே பதிவாகியிருக்கும். மறைத்துப் பேசிப் பயனில்லை.

பிரேக் கிறீச்சிடுகிறது, பெடல் அதிர்கிறது

தேய்ந்து கெடுவதைவிட, பயன்படுத்தாமல் கெடுவதுதான் இங்கே அதிகம். அன்றாட ஓட்டத்தில் மோட்டாரே பெரும்பாலான வேகத்தைக் குறைத்துவிடுவதால் பேட் டிஸ்கைத் தொடுவதே அரிது. டிஸ்கில் துரு ஏறி, பேடின் விளிம்பு ஊறி, கேலிப்பர் பின் இறுகும். டைகானில் பேடுகளைத் தேய்மானம் பார்க்காமல் ஆறு ஆண்டில் மாற்றச் சொல்வது அதனால்தான்.

பின்னால் வண்டி இல்லாத நீண்ட சாலையில், கையேடு அனுமதித்தால் நியூட்ரலில் போட்டு, 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 20க்கு உறுதியாகப் பத்து முறை பிரேக் பிடியுங்கள். ஒவ்வொன்றுக்கும் இடையே அரை நிமிடம் ஓட்டி ஆற விடுங்கள், முழுதாக நிறுத்த வேண்டாம். மேல்துரு போய்விடும். இதற்குப் பிறகும் அதிர்ந்தால் டிஸ்க் குழிபட்டுவிட்டது. பேடும் டிஸ்கும் தேய்மானக் கணக்கு, வாரண்டி கிடையாது. இறுகிய கேலிப்பருக்குக் கேட்கலாம், பிரேக் சர்வீஸ் ரசீதுகள் இருந்தால். பிரேக் ஆயில் பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. டாட் 4இன் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி, 3.7 சதவீதம் ஈரம் ஏறியதும் தரம் கேட்பது 155 மட்டுமே. டிராக் போகிறவர்களுக்கு இரண்டு ஆண்டெல்லாம் அதிகம்.

டயர் உட்பக்கம் மட்டும் தேய்கிறது

காரை ஓட்டும் செலவில் முதலிடம் டயருக்குத்தான், மின்சாரத்துக்கு அல்ல. இரண்டு டன்னைத் தாண்டிய எடை, நின்ற இடத்திலிருந்தே முழு டார்க், மென்மையான ரப்பர். வெளியிலிருந்து பார்த்தால் பட்டை நன்றாக இருக்கும். ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பி, உள்விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள். நூல் தெரியும் அளவுக்குப் போயிருப்பது அங்கேதான். காரணம் டோ கோணம் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் அளவு), அல்லது இயல்பிலேயே வைத்திருக்கும் நெகடிவ் கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருப்பது). அலைன்மென்ட் செய்யும்போது ஏர் சஸ்பென்ஷனை அதற்கான உயரத்தில் பூட்டிவிட்டுச் செய்ய வேண்டும். இல்லையென்றால் ரிப்போர்ட் பச்சையாக இருக்கும், டயர் தேய்ந்துகொண்டே இருக்கும். முன்னும் பின்னும் வேறு அளவு டயர் என்றால் இடம் மாற்றி ஓட்ட வழியில்லை. மாற்றும்போது எடைக் குறியீட்டைக் குறைக்காதீர்கள். உள்ளே ஃபோம் ஒட்டிய டயரில் பஞ்சர் போட அந்த இடத்து ஃபோமை வெட்டி எடுக்க வேண்டும், பல கடைகள் அதைத் தொடுவதில்லை.

சத்தங்கள்

ஆக்ஸிலரேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போது ஒரே ஒரு 'டிக்': ஆக்ஸில் ஷாஃப்ட் வீல் ஹப்பில் சேரும் இடம். பெரும்பாலும் கிரீஸும் புதிய நட்டும் போதும், ஆபத்தில்லை. வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளை, குறிப்பாக முன்பு இல்லாதது: கியர் பாக்ஸ் பேரிங் அல்லது மோட்டார் பேரிங். இன்வெர்ட்டரிலிருந்து கசியும் மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து குண்டுகள் ஓடும் பாதையில் வரி வரியாகக் குழி போடும். முதலில் மெல்லிய சத்தம், பிறகு வளரும். டிரைவ் யூனிட் நீண்ட வாரண்டியில் இருந்தால் இது இலவசம். மெல்லியதாக இருக்கும்போதே ஒரு ஜாப் கார்டு திறந்து, தேதியோடும் கிலோமீட்டரோடும் புகாரைப் பதிவு செய்யுங்கள். வாரண்டி முடிந்த பிறகு அது பெரிதானாலும் புகார் முன்பே இருந்தது என்று காட்டலாம்.

கியர் ஆயில் ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம் என்று சொன்னாலும், டிராக் ஓட்டுகிற காருக்கு மாற்றுவது நல்லது. டிரெயின் பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருப்பது இயல்பு. விரல் நுனியில் நெருடும் செதில் இருந்தால் அதைப் போட்டோ எடுத்து, ஆயிலை ஒரு பாட்டிலில் பிடித்து வையுங்கள்.

வாரண்டி இல்லை என்று சொல்லிவிட்டார்கள்

வாயால் சொன்னதை ஏற்க வேண்டாம். நான்கு விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: எந்தப் பாகம், எந்தக் கோளாறு எண், புத்தகத்தின் எந்தப் பிரிவின் கீழ் மறுக்கிறார்கள், உங்கள் செயல் எப்படி அந்தப் பழுதை உண்டாக்கியது. கடைசிக் கேள்விக்குத்தான் பதில் தடுமாறும். சக்கரத்தை மாற்றியதற்காக ஹீட்டருக்கு வாரண்டி இல்லை என்பது நிற்காது. மோட்டார் பவரைக் கூட்டும் சாஃப்ட்வேர் போட்டுவிட்டு இன்வெர்ட்டருக்குக் கேட்டால் அதுவும் நிற்காது. வெளியே சர்வீஸ் செய்த ஒரே காரணத்துக்காக வாரண்டியை ரத்து செய்வதைப் பல நாடுகளின் சட்டம் தடுக்கிறது. அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டின் மேக்னஸன்-மாஸ் சட்டம் அப்படிப்பட்டது. ஆனால் என்ன செய்தார்கள், எந்தத் திரவம், எந்தத் தேதி என்ற ரசீது உங்களிடம் இருக்க வேண்டும்.

வாரண்டி சில வாரங்களில்தான் முடிந்தது என்றால், தயாரிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு நேரடியாக எழுதி நல்லெண்ண அடிப்படையில் பங்கு கேளுங்கள். டீலர் தன் அதிகாரத்தில் தர முடியாததை அவர்கள் தரலாம். பாகம் அவர்கள், கூலி நீங்கள் என்று முடிவது சகஜம். தொடர்ச்சியான சர்வீஸ் பதிவு இல்லாதவர்களுக்கு இது கிடைப்பது கடினம்.

நீட்டிப்பு வாரண்டி வாங்குவதாக இருந்தால் பழையது முடிவதற்குள் வாங்க வேண்டும். இடைவெளி விழுந்தால் முழு ஆய்வு கேட்பார்கள், சிலர் தரவே மாட்டார்கள். அதில் ஆன்போர்டு சார்ஜர், டிசி கன்வெர்ட்டர், ஹீட்டர், கம்ப்ரஸர், ஏர் சஸ்பென்ஷன் இந்த ஐந்தும் பெயர் சொல்லி இருக்கிறதா, ஒரு கோரிக்கைக்கு உச்சவரம்பு எவ்வளவு என்று மட்டும் பாருங்கள். உச்சவரம்பு ஒரு கம்ப்ரஸர் விலைக்கும் குறைவாக இருந்தால் அந்தப் பிரீமியத்தைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்வதே மேல்.